எண்ணெய்த் துணியும் ஒரு சிகரெட்டும்

அப்பாவின் கைக்கட்டை அவிழ்க்கிற நாள் வந்துவிட்டது.

வந்துவிட்டதே தவிர, அதை நல்ல நாள் என்று நினைத்து யாரும் கிளம்பவில்லை. காரை ஓட்டுகிறவன் பெரியவன். அவனுக்குப் பக்கத்தில் அப்பா. பின் சீட்டில் சின்னவள், மடியில் மருந்துப் பையும் மனசில் மூன்று வாரக் கோபமுமாக. வண்டி ஓட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவர் இந்தக் குடும்பத்தில் உண்டு. அவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அவர்தான் சின்னவளின் கணவர், டவுன் பஸ் டிரைவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவேலைக் கொட்டகை தீப்பிடித்த அன்றே அவருக்கும் மாமனார் வீட்டுக்குமான உறவு முறிந்துபோனது. கடைசியாக உள்ளே இருந்தவர் அவர். சிகரெட் பிடித்தேன் என்று அவரே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன இருக்கிறது? அன்று ராத்திரியே சின்னவள் ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள். புருஷன் போன் பண்ணினால் எடுப்பதில்லை.

நர்ஸ் கட்டைப் பிரித்தாள். அடியில் புதுத்தோல் பளபளவென்று, யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"மடக்குங்க ஐயா."

"மடக்கிட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார் அப்பா.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல வளைந்தன. மற்ற மூன்றும் அசையவே இல்லை.

"தினமும் பயிற்சி பண்ணினா கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"எனக்குத் தையல் மெஷின் ரிப்பேர் வேலைம்மா. ரிட்டயர் ஆனாலும் அக்கம்பக்கத்துல கொண்டுவந்து குடுப்பாங்க. ஊசி மாட்ட வருமா?"

"டாக்டர்கிட்ட கேளுங்கய்யா," என்று சொல்லிவிட்டு அவள் பழைய கட்டைச் சுருட்டினாள். வராது என்பதை இதைவிட மரியாதையாக யாரால் சொல்ல முடியும்?

திரும்பும் வழியில் அப்பா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்த ஆள் செஞ்ச நாற்காலியை இழுக்கப் போய் என் கை போச்சு," என்றார்.

மாப்பிள்ளை என்ற சொல்லே அவர் வாயிலிருந்து போய்விட்டது. இப்போதெல்லாம் 'அந்த ஆள்'தான். முன்பெல்லாம் மாப்பிள்ளை வருகிறார் என்றால் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிற மனிதர். அந்த நாற்காலியும் அவருக்காகவே செய்ததுதான். முழங்கால் வலிக்காமல் எழுந்திருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கைப்பிடியை உயர்த்தி வைத்து, மாமனாரைப் பத்து முறை உட்கார வைத்து எழுப்பிப் பார்த்துச் செய்தார். தீ பிடித்ததும் அப்பாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, உள்ளே ஓடி அதைத்தான் இழுத்தார். நாற்காலி ஒரு கைப்பிடி இல்லாமல் வெளியே வந்தது.

"அது இன்னும் பின்னாடிதான் கிடக்கு. என்னப்பா பண்றது?" என்றான் பெரியவன்.

"எரிச்சுடு."

"நாளைக்குக் காலையில எரிச்சுடறேம்பா." எவ்வளவு பதமாகச் சொன்னான் தெரியுமா! அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தான். "இன்னிக்கு மத்தியானம் ஞாயிற்றுக்கிழமை ஆளுங்க வர்றாங்க. கொட்டகையைத் திரும்பக் கட்டறதப் பத்திப் பேசணும். அதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை இனிமே வரமாட்டார்னு அவங்ககிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன்," என்றாள் சின்னவள்.

மனசாரத்தான் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்தபோது, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் அவள் கணவர். அந்த மகள் இப்போது படிப்புக்காக வேறு ஊரில் இருக்கிறாள். அவளிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொட்டகை எரிந்ததைக்கூடச் சின்னவள் மறந்துவிடுவாள், அந்தச் சத்தியம் எரிந்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆளுங்க என்று சொன்னால் பெரிய சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தை நம்பிப் பிழைக்காத, ஆனால் மரத்தூள் மூக்கில் ஏறாவிட்டால் வாரம் விடியாத ஒரு கும்பல், அவ்வளவுதான். பெரியவன் ஆபீசில் கணக்குத் தணிக்கை அதிகாரி. சின்னவளுக்கு ஒரு பல் லேபில் பொய்ப்பல் செய்கிற வேலை. இவர்களோடு டிரைவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒரு கணக்கு வாத்தியார்.

வார வேலை ஞாயிற்றுக்கிழமையும் கையை விட்டுப் போகாது என்பது அவர்களுக்குள் ஓயாத கேலி. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு பாலிஷ் மாதிரியைக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று எல்லாரையும் படுத்துவார். வாத்தியார் ஒரு பலகையை அறுக்குமுன் பாதி நோட்டை எழுதித் தீர்ப்பார். டிரைவர் மெஷினைப் போடுமுன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பின்னாலும் பார்த்துக்கொள்வார். சின்னவள் மூலை முடுக்கிலெல்லாம் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள், பல்லில் மேடு தட்டுகிறதா என்று பார்க்கிற மாதிரி. எண்ணெய் பூசுகிற வேலை அவளுக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

பெரியவன்? அவன் அறுப்பதைவிட அடுக்குவது அதிகம். மேஜை காலியாக இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அந்தக் கேலியைத்தான் அன்று மத்தியானம் பெரியவனின் மனைவி, சின்னவளின் அண்ணி, எடுத்தாள். பாவம், சூழ்நிலையைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று நினைத்திருப்பாள். வந்தவர்கள் இருவரும் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, பேச்சு வராமல் கூடத்தில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா உள்ளே படுத்திருந்தார்.

"புதுக் கொட்டகையிலயாவது இவரை ஒண்ணையும் அடுக்க விடாதீங்க," என்றாள் அண்ணி. "தீப்பிடிச்ச அன்னிக்கு இவரோட மேலதிகாரி நீங்க செஞ்ச டைனிங் டேபிளைப் பார்க்க வந்தார் இல்ல? அவர் வர்றதுக்குள்ள பின்கட்டையே துடைச்சு வச்சுட்டார். கொடியில தொங்கிட்டிருந்த எண்ணெய்த் துணியைக்கூட விடலையே! எல்லாத்தையும் எடுத்து, ஓரத்துக்கு ஓரம் வச்சு நாலா மடிச்சு, ஃபைல் கட்டற மாதிரி கட்டி, பெஞ்சுக்கு அடியில மரத்தூள் சாக்குல அமுக்கிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்!"

அவள் சிரித்தாள். கூட ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். வாத்தியார் அவரைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தரையைப் பார்த்தார்கள்.

அண்ணிக்கு மரவேலை தெரியாது. அதனால் தான் என்ன சொன்னோம் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு அது கொட்டகையின் முதல் பாடம். மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். துணியை விரித்துத் தொங்கவிட்டால் சூடு காற்றோடு போய்விடும். மடித்து அமுக்கி வைத்தால் போகாது, உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். அதை மரத்தூளுக்குள் வைத்தால் தீக்குச்சியே வேண்டாம், சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும்.

அன்று காலையில் டேபிளுக்குக் கடைசிப் பூச்சு பூசியவள் சின்னவள்தான். துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் போட்டதும் அவள்தான். தீயில் கொடிக்கயிறும் போய்விட்டதால், துணி அதிலேயே எரிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் யோசனையே போகவில்லை.

"டீ ஆறுது, குடிங்க," என்று ஒரு குரல் கேட்டது.

பெரியவன் அப்பாவின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். மனைவி சொன்னது முழுதும் அவன் காதில் விழுந்திருந்தது. முகத்தில் ஆச்சரியம் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும்தான், இது அவனுக்குப் புதுச் செய்தி இல்லை என்பது சின்னவளுக்குப் புரிந்தது.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான். கருகிய தூண்களுக்கு இந்தப் பக்கம், பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், அந்த ஒற்றைக்கை நாற்காலி கிடந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்ணா?"

"எது?"

அவள் நாற்காலி மேல் கிடந்த தாளை விலக்கினாள். அவன் செருப்பால் கரியைத் தள்ளினான்.

"மறுநாள் காலையில. சாம்பலைக் கிளறினப்ப நான் மடிச்ச மடிப்பு அப்படியே கரியா இருந்துச்சு."

"மூணு வாரம்! வாயைத் திறந்தியா நீ?"

"எப்படித் திறக்கறது? அதுக்கு முந்தின ராத்திரியே மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாரே. ஒருத்தர் தானா ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் யாராவது திரும்ப விசாரிப்பாங்களா?"

"செய்யாததை ஒருத்தர் ஏன் ஒத்துக்கிட்டார்னு நீ யோசிக்கவே இல்லையா?"

"நீ யோசிச்சியா?" என்றான் பெரியவன்.

பளாரென்று அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. அப்பா காலம் முழுக்க இந்த வீட்டுலதான் இருக்கணும். அந்தக் கைக்கு நான்தான் சோறு பிசைஞ்சு வைக்கணும். மாப்பிள்ளைன்னா வெளி ஆள், வெளி ஆள் மேல கோபம்னா அவர் தாங்கிக்குவார். பெத்த பிள்ளைதான் தன் கையைப் பொசுக்கினான்னு தெரிஞ்சா தாங்குவாரா? நீயே சொல்லு."

"வெளி ஆளா? அவர் வெளி ஆளாண்ணா?"

"நான் அப்படிச் சொல்ல வரல."

"அப்படித்தான் சொன்னே."

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்தாள். கூடத்தில் இருந்த இரண்டு பேரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்கு, படித்து நாலு பேரோடு பழகுகிறவர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அப்பா படுக்கையிலிருந்தே கேட்டார்.

"எங்கம்மா கிளம்பிட்டே? அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

இப்போதே போட்டு உடைத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. போர்வைக்கு மேல் மடங்காத அந்த மூன்று விரல்கள் தெரிந்தன. முதலில் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வேறு யாரிடமும் அவளால் பேச முடியாது.

"வீட்டுக்குப் போயிட்டு வரேம்பா," என்றாள்.

*

டிரைவர் டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒரே ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்ந்திருந்தன. கட்டிலில் ஒரு பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது.

அவளைப் பார்த்ததும் அவர் குழாயை நிறுத்தினார்.

"கட்டு பிரிச்சாச்சா?" மூன்று வாரத்துக்கு அப்புறம் பெண்டாட்டியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பிரிச்சாச்சு. மூணு விரல் மடங்கல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீங்க சிகரெட் புடிக்கல," என்றாள் அவள்.

அவர் துண்டை உதறி மடித்தார்.

"புடிக்கலதானே? ஏங்க புடிச்சேன்னு சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும்."

"தீயை அணைச்சதும் முதல்ல உள்ள போனவன் நான். உன் பெஞ்சுக்கு அடியில இருந்த சாக்குதான் அடி வரைக்கும் கரியாகியிருந்துச்சு. அதுக்குள்ள துணி. எண்ணெய் பூசறது நம்மள்ல யாரு? நீ ஒருத்திதான். வெளிய வந்தா உங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். சிகரெட் புடிச்சீங்களா மாப்பிள்ளைன்னு உங்கண்ணன் கேக்கறார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. சரி, பொண்ணு பயந்துட்டா, அப்பா கையைத் தானே சுட்டுட்டோம்னு காலத்துக்கும் அழுவா, நம்ம தலையில போகட்டும்னு விட்டுட்டேன்."

அந்தப் பார்வை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாட்டிக்கொண்டவன் பார்வை என்று நினைத்து மூன்று வாரமாக அதற்காகவே அவரை வெறுத்திருந்தாள்.

"நீங்க புடிச்சுட்டீங்களேன்னு அவமானத்துலதாங்க குனிஞ்சேன்!"

அவர் நிமிர்ந்தார்.

"அந்தத் துணியை நான் கொடியிலதான் போட்டேன். அண்ணன்தான் எடுத்து மடிச்சு சாக்குல வச்சிருக்கான். அவனோட மேலதிகாரி வர்றாராம்."

டிரைவர் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு அது. "மச்சானா! நாலு ஓரமும் நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். நீ என்னிக்குத் துணியை ஒழுங்கா மடிச்சிருக்கே?"

"கேலி பண்ணாதீங்க. இத்தனை வருஷத்துல நான் ஒரு எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? நான்தான் பண்ணியிருப்பேன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"மூணு வருஷத்துல நான் ஒரு சிகரெட்டைத் தொட்டு நீ பார்த்திருக்கியா?"

அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரோட்டுல ஒரு ஆக்சிடென்ட்னா கூட்டம் முதல்ல டிரைவர் சட்டையைத்தான் பிடிக்கும்," என்றார் அவர் மெதுவாக. "குறுக்க வந்தது யாருன்னு அப்புறம்தான் பார்ப்பாங்க. அது எனக்குப் பழக்கம். ஆனா அந்தக் கூட்டத்துல நீயும் நின்னு ஒரு அடி போடுவேன்னு நான் நினைக்கல."

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து, பெட்டியில் இன்னொரு சட்டையை வைத்தார்.

"இது எதுக்கு?"

"வெளியூர் ரூட் கேட்டு வாங்கியிருக்கேன். நாளையிலேருந்து. வாரத்துக்கு ஒரு தடவைதான் வீடு."

"அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே! வாங்க, இப்பவே போய் அப்பாகிட்ட சொல்லிடலாம்."

"என்னத்த சொல்றது? நான் நல்லவன்னு நீ போய்ச் சாட்சி சொல்லப் போறியா? மூணு வாரம் கழிச்சா?" அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "உங்கண்ணன் மூஞ்சியைக் கிழிச்சு எனக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலியை மட்டும் நான் எடுத்துக்கறேன். இன்னொரு கைப்பிடி பாக்கி இருக்கு."

"நாளைக்குக் காலையில அதை எரிக்கப் போறாங்க," என்றாள் சின்னவள். "அப்பாதான் சொன்னார்."

அவர் முகம் அதுவரைக்கும் தாக்குப்பிடித்தது. அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. சிகரெட் பழியைத் தூக்கிச் சுமந்தவருக்கு நாற்காலியை எரிப்பது தாங்கவில்லை. மேஜைமேல் இருந்த போனை எடுத்து மாமனாருக்குப் போட்டார். எடுக்கமாட்டார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

எடுத்துவிட்டார். இடது கையால் எடுத்திருக்க வேண்டும். ஏதோ கீழே விழுகிற சத்தம் முதலில் கேட்டது.

"மாமா, நான்தான். வீட்டுக்குள்ள வரமாட்டேன். வாசல்லயே நிக்கிறேன். அந்த நாற்காலியை மட்டும் எரிக்க வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

அறை சின்னது. போனில் அப்பா மூச்சு விடுவது அவளுக்கே கேட்டது.

"இங்க வந்தவங்க ரெண்டு பேரும் டீயைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க," என்றார் அப்பா. "பொண்ணு என் மூஞ்சியைப் பார்க்காம போயிட்டா. எனக்குக் கைதான் போச்சு, காது போகல. ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. அன்னிக்கு நீங்க சிகரெட் புடிச்சீங்களா மாப்பிள்ளை?"

டிரைவர் சின்னவளைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

அவள் இந்த முறை தலையைக் குனியவில்லை.

"இல்ல மாமா," என்றார்.

"அப்ப யாரு?"

டிரைவர் வாயைத் திறக்குமுன் போனுக்குள் பெரியவனின் குரல் கேட்டது. அப்பாவுக்கு மிகப் பக்கத்தில், மிகப் பிரியமாக.

"போன்ல யாருப்பா? மாத்திரைக்கு நேரமாச்சு, இந்தாங்க, வாயைத் திறங்க."